எளியாரோடு அளவளாவுதல்

கற்றோர் கல்லாதாரோடு கலந்து பழகுதல் வேண்டுமா, வேண்டாவா என்பதுபற்றி நம்முள் வழக்கில்லை. வேண்டும் என்றே எல்லாரும் கூறுவர். ஆண்டுவிழாக்களில் தலைமை தாங்குவோர் தவறாது கூறும் அறிவுரைகளுள் இதுவும் ஒன்று. “புலவர்கள் மேடையைவிட்டு இறங்கிப் பொதுமக்களிடம் வருதல் வேண்டும்” என்பர், அவையோர் கைகொட்டுவர், பின்னர்த் தலைவரும் புலவரும் தத்தம் ஊர்தியேறிச் செல்வர். வேண்டும் என்பது துணியப்பட்டதாயின், அது நம்மிடத்து ஏன் நிகழ்ந்திலது என்பதே ஆராயற்பாலது. அதனை ஆராயப் புகுவார்க்கு அதற்கும் முற்பட்டதோர் வினா எதிர்ப்படும். எளியாரோடு அளவளாவும் ஆற்றல் என்பது யாது? அது நாவன்மையா? நடையின் எளிமையா? அன்றி, உயிரின்கண் நிகழவேண்டியதோர் மாற்றமா? இவ்வினாவைச் சித்தாந்த நெறிநின்று சிறிது ஆராய்தற்கு எழுந்தது இக்கட்டுரை. இதனை எழுதுவோன் அவ்வாற்றல் கைவரப்பெற்றவன் அல்லன் என்பதனை முன்னரே கூறிவிடுதல் முறையாகும். பெறாமையால் நேர்ந்த இழுக்கொன்றும் பின்னர்க் கூறப்படும்.

பெரும்பாலார் கருத்து, அஃதோர் சொல்லாற்றல் என்பதே. அருஞ்சொற்களை விலக்கி, புணர்ச்சி பிரித்து, கதையும் உவமையும் இடையிடையே பெய்து, கேட்போர்க்கு விளங்குமாறு உரைக்கவல்லான் எளியாரோடு கலந்தான் என்பது அவர் துணிபு. இது முற்றும் பிழையன்று. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ஆம் ஆண்டு தோன்றிய ஆறுமுக நாவலரை ஈண்டு நினைத்தல் தகும். 1847-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் இறுதிநாளில் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். புராணம் படித்துப் பயன்சொல்லும் வழக்கம் அதற்கு முன்னரும் உண்டு. ஆயின், சமயப்பொருளொன்றனைத் தனியே எடுத்துக்கொண்டு, கூடினார் யாவர்க்கும் விளங்கத் தொடர்ந்து உரைநடையாற் பேசுதல் அக்காலத்து நம்மவர்க்குப் புதிதாயிருந்தது. அம்முறையில் ஒரு பகுதியை அவர் பாதிரிமாரிடம் கண்டறிந்தார் என்பதனை நாம் மறைக்கவேண்டுவதில்லை. பீற்றர் பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவரன்றோ அவர்! 1852-இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். செய்யுளை நெருங்க அஞ்சியிருந்த இல்லங்களில், எழுத்துக்கூட்டிப் படிக்க அறிந்த ஒருவர் வாசிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்கும் நிலை அந்நூலால் உண்டாயிற்று. என் பாட்டியார் நாயன்மார் அறுபத்துமூவரையும் அறிந்தது சேக்கிழார் வாக்கால் அன்று, நாவலர் வசனத்தாலேதான். சாதியாசாரத்தில் நாவலர் கொண்டிருந்த இறுக்கத்தை இன்று நாம் உடன்படுதல் அரிது. ஆயினும் அவர்தம் உரைநடை, அவர் கருதிய எல்லையைக் கடந்தும் பல வாயில்களினுள்ளே புகுந்தது.

அஃதொக்கும். ஆயினும் நடையின் எளிமை ஒன்றே அவ்வாற்றல் ஆகுமோ எனின், ஆகாது. கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுத்தமையால் மட்டும் மருத்துவன் நோயாளியோடு கலந்தவன் ஆகான். ஆயிரவரை நகைக்கவும் அழவும் செய்யவல்ல சொற்பொழிவாளர் சிலரை யான் நன்கு அறிவேன். அவர் சொல்லில் அருஞ்சொல் ஒன்றும் இராது. ஆயினும் தம்மை அவ்வூர்க்குக் கொணர்ந்த ஓட்டுநர் உண்டாரா என்று வினவ அவர்க்குத் தோன்றுவதில்லை. மேடையில் எளியராய் நிற்றல் ஒரு பயிற்சி. பயின்றார் யாவர்க்கும் அது கைகூடும். யாம் தேடுவது அஃதன்று.

மேலே தலைவர் வாயிற் பிறந்ததாகக் காட்டிய “இறங்கி” என்னும் சொல்லை மீண்டும் நோக்குக. நோய் அச்சொல்லிலேயே இருக்கின்றது. இறங்குதல் என்பது மேலிடத்து உள்ளான் ஒருவனது தொழில். பண்டிதன் எம்மேலிடத்து உளன்? சித்தாந்த நூல்கள் உயிர்களை விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகைப்படுத்துதல் அன்பர்கள் அறிந்ததே. ஆணவம் ஒன்றேயுடையார் முதலாவார். ஆணவத்தோடு கன்மமும் உடையார் இரண்டாமவர். மாயையும் கூட மும்மலமும் உடையார் சகலர். இறைவன் விஞ்ஞானகலர்க்கு அறிவினுள் அறிவாய் நின்று உணர்த்துவன். பிரளயாகலர்க்குத் தன் திருவுருவைக் காட்டி முன்னின்று உணர்த்துவன். சகலர்க்கு அவரைப் போன்றதோர் மானுட வடிவில் தன்னை மறைத்துக் குருவாய் வந்து உணர்த்துவன். இப்பாகுபாட்டில் இலக்கணம் கற்றார்க்குத் தனியே ஓரிடம் உண்டோ என நூல்களையெல்லாம் புரட்டிப் பார்த்தாலும் காண்டல் இயலாது. தொல்காப்பியமும் சிவஞான மாபாடியமும் பாடங்கேட்ட பண்டிதனும் சகலன். ஏரின் பின் செல்வானும் சகலன். இருவர்க்கும் மலம் மூன்று. இருவரும் நிற்கும் தரை ஒன்று. பக்குவத்தில் வேறுபாடு உண்டெனின், உண்டுதான். ஆயின் அவ்வேறுபாடு கல்வியளவாற் பெறப்படுவதன்று. அதனை அறிவான் இறைவன் ஒருவனே. ஆதலின் சகலர்பொருட்டு உண்மையாகவே இறங்கி வருபவன் அவன் மட்டுமே. ஒரே தரையில் நின்றுகொண்டு “யான் இறங்கி வந்தேன்” என்பான், இல்லாத படியொன்றிற் கால்வைத்தவன் ஆவான். அவன் இடறுதல் இயல்பே.

இவ்விடத்தில் நம் சந்தான குரவரது வரலாறே நமக்குச் சான்றாகின்றது. அருணந்தி சிவாசாரியார் சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்றவர். மெய்கண்டாரது குடிக்குக் குலகுரு. தம் குடியைச் சேர்ந்த இளஞ்சிறார் ஒருவர் திருவெண்ணெய்நல்லூரில் மாணாக்கர் சூழ ஞானநூல் உரைக்கின்றார் எனக் கேட்டு, அதனைப் பொறாது அங்குச் சென்றார். அவ்வமயம் அங்கு ஆணவமலத்தின் இயல்பு உரைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பண்டிதர் ஆணவத்தின் வடிவம் யாது என வினவினார். மெய்கண்டார் ஒன்றும் விடை கூறிற்றிலர், வினவினாரை அடிமுதல் முடிகாறும் நோக்கினார், அவ்வளவே. நின்ற அந்நிலையே ஆணவத்தின் வடிவம் என்பது பண்டிதர்க்கு விளங்கிற்று. அக்குழவியின் திருவடியில் வீழ்ந்தார். இவ்வரலாற்றை மாணாக்கர்க்குச் சொல்லும்போதெல்லாம் மெய்கண்டாரது பெருமையையே விரித்துரைப்பது நம் வழக்கம். அருணந்தியாரது பெருமையை நாம் போதிய அளவு எண்ணிப்பார்த்தோமில்லை. கொடுப்பதற்குச் சென்றவர் கொண்டு மீண்டார். ஆகமம் அனைத்தும் கற்றவர், தம் மாணாக்கர் வழிவந்த சிறுவரிடம் கொள்ளுதற்கு நாணவில்லை. நாற்பத்தொன்பது மாணாக்கருள் அவர் தலைமை பெற்றதன் காரணம் வேறு யாது?

உமாபதி சிவத்தின் வரலாறு இதனினும் வியப்புடையது. தில்லைவாழ் அந்தணர் மரபினர். சந்நிதியில் பூசைமுறை நிறைவேற்றிப் பல்லக்கேறி, பட்டப்பகலில் பந்தம் பிடிப்ப, இல்லம் மீண்டுகொண்டிருந்தார். தெருவில் மாணாக்கரோடு இருந்த மறைஞான சம்பந்தர் அதனைக் கண்டு, உயிரற்ற மரத்தின்மேல் பகலிற் கண்தெரியாதான் ஒருவன் போகின்றான் என்னும் கருத்துப்பட ஒன்று சொன்னார். உமாபதியார் பல்லக்கினின்றும் குதித்து அவர்பின் ஓடினார். முன்சென்ற குரவர் நெசவாளர் தெருவினுட் புகுந்து பசியென்று கைநீட்ட, அங்குப் பாவிற்கு இடுதற்குக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியை அவர்கள் வார்த்தனர். குரவர் அதனைச் சிவப்பிரசாதம் என்று பருகினார். அவர் முழங்கை வழியே ஒழுகியதனைப் பின்நின்ற உமாபதியார் ஏந்திப் பருகினார். அதனால் தம் மரபினரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் உறைந்தார். நம் மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் எட்டு அக்கஞ்சியுண்ட வாயினின்றே பிறந்தன. அவற்றுள் ஒன்றாகிய சங்கற்ப நிராகரணம் 1313-ஆம் ஆண்டிற்கு உரியது என்பது அந்நூலாலேயே அறியப்படுவது.

இவ்விரண்டு வரலாற்றினின்றும் எனக்குப் புலப்பட்டது ஒன்று. எளியாரோடு அளவளாவும் ஆற்றல் கொடுத்தலில் இல்லை, கொள்ளுதலில் உளது. கொடுப்பான் கை மேலது. எத்துணை அன்போடு கொடுப்பினும் அது மேலதே. பிரசங்கம் செய்தல், நூல் வழங்கல், உணவிடுதல் யாவும் நல்லன. அவற்றால் கொடுப்பானது ஆணவம் சிறிதும் தேயாமலே இருத்தல் கூடும். கொள்ளுங்காலை அங்ஙனம் இருத்தல் இயலாது. ஒருவரிடத்து ஒன்று கொள்ளுதற்கு அவரிடத்து அஃது உண்டு என்றும், நம்மிடத்து அஃது இல்லை என்றும் முதற்கண் உடன்படல் வேண்டும். அவ்வுடன்பாடே கற்றார்க்கு அரிது.

ஆளுடைய பிள்ளையார் திருநீலகண்ட யாழ்ப்பாணரோடு உடன்சென்ற வரலாறு இதற்குப் பெருந்துணையாகும். பிள்ளையார் பாணர்க்கு அருள் கொடுத்தார் என்பர், மெய். ஆயின் தம் திருப்பதிகங்களைப் பாணர் யாழிலிட்டு இசைக்கக் கேட்டு மகிழ்ந்து, ஊர்தோறும் அவரை உடன்கொண்டே சென்றார் என்பதும் மெய்யன்றோ? சாத்தமங்கையில் திருநீலநக்கர் திருமனையில் தங்கியபோது, பாணர் உறைதற்கு இடம் அளிக்குமாறு பிள்ளையாரே கேட்டார். நீலநக்கர் வேள்வி வேதிகையின் அருகே இடம் கொடுத்தார். வேள்வித்தீ வலஞ்சுழித்து ஓங்கியது. இக்காட்சியில் என் உள்ளத்தை உருக்குவது தீ அன்று. தம்மோடு வந்த துணைவர் எங்கே படுப்பார் என்பதனைப் பிள்ளையார் மறவாமையே என்னை உருக்குகின்றது.

அற்றேல், சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், கற்றார் கல்லாரைச் சாரின் அவர் வண்ணமே பெற்றுக் கெடாரோ எனக் கடாவுவார் உளர். பளிங்கு அடுத்த நிறத்தைப் பற்றுதல்போல உயிரும் பற்றும் என்பது உண்மை. ஆயின் கல்விச்செருக்கும் ஒரு நிறமே என்பதனைக் கடாவுவோர் மறந்தனர். பதினைந்து யாண்டு பண்டிதரோடு மட்டுமே பழகிய பண்டிதன் எந்நிறம் பெறுவான் என்பதனைப் புலவர் கூட்டங்களிற் சென்று காண்க. இனி, ஞானநூற்பொருள் பக்குவர்க்கே உரைக்கற்பாலது, ஆதலின் எல்லாரோடும் கலத்தல் கூடாது என்பாரும் உளர். அவ்விலக்கு தீக்கைக்கும் ஞானசாத்திரத்திற்கும் உரியது. அடியார் வரலாற்றைக் கேட்பதற்கும் கேட்டார் கூறுவதனைச் செவிமடுப்பதற்கும் உரியதன்று. அன்றியும் பக்குவர் இன்னார் என்பது உடையாலும் ஊராலும் தோன்றாது. உமாபதியாரது மடத்திற்கு விறகு கொணர்ந்து இட்டுவந்த பெற்றான் சாம்பானது பக்குவம் யார்க்குத் தெரிந்தது? தில்லைப்பெருமான் சீட்டெழுதி அனுப்பிய பின்னரன்றோ வெளிப்பட்டது! சீட்டு வருவதற்கு முன்னரே நாம் எத்துணைச் சாம்பான்களை வாயிலில் நிறுத்தினோமோ, யார் அறிவார்!

இனி என் செய்தி. சற்றேறக்குறைய முப்பது யாண்டுகட்கு முன்னர், உயர்நிலைப்பள்ளியொன்றில் யான் தமிழாசிரியனாய் இருந்த காலத்தில், காவிரியின் வடகரையில் உள்ள சிற்றூர் ஒன்றினின்றும் அழைப்பு வந்தது. கார்த்திகைத் திங்களில் பன்னிரண்டு இரவு பெரியபுராணம் சொல்லவேண்டும் என்றனர். மூன்றாம் இரவு திருநீலகண்ட நாயனார் வரலாறு. தில்லையில் வேட்கோவர் குலத்தில் தோன்றி அடியார்க்கு ஓடு அளித்துவந்த அப்பெரியார், மனைவியார் இட்ட ஆணையை ஏற்று இளமை முழுதும் ஒரே இல்லத்தில் அவரைத் தீண்டாது வாழ்ந்ததும், சிவயோகியாய் வந்த இறைவன் தம்மிடம் அடைக்கலமாய் வைத்த ஓடு மறைந்ததும், வேறொன்று தருகின்றேன் என நாயனார் வேண்டவும் யோகியார் மறுத்து வழக்காடியதும் அன்பர்கள் அறிவர். அவ்விரவு யான் நன்றாகவே பேசினேன் என்பது அப்போதைய என் எண்ணம். அம்மையார் ஆணையில் பன்மைச்சொல் வந்தமையின் நயத்தை இலக்கண முறையால் விரிக்க மட்டும் அரைமணிநேரம் கொண்டேன். முன்வரிசையில் இருந்த கோயில் தருமகர்த்தர் பலமுறை தலையசைத்தார்.

முடிவில் ஐயம் உண்டேல் கேட்கலாம் என்றேன். கேட்பார் இரார் என்னும் துணிவினாற் கூறும் சொல் அது. தூணருகே இருந்த ஒருவர் எழுந்தார். ஐம்பது அகவை இருக்கும். விரலிடுக்கில் மண் உலர்ந்திருந்தது.

“சாமி, நான் சட்டிபானை வனைகிறவன். எனக்கு ஒரு சங்கை. பானை உடைந்துபோயிற்று என்று யார் வந்தாலும், ‘போகட்டும், வேறொன்று வனைந்து தருகிறேன்’ என்பதுதான் எங்கள் வாயில் முதலில் வரும் சொல். எங்கள் கையை நம்பி வருகிற சொல் அது. நாயனாரும் அதைத்தான் சொன்னார். சாமியார் வேண்டாம் என்றுவிட்டார். தம் கையால் வனைந்து தர முடியாத ஒன்று உண்டென்று அவருக்கு அன்றைக்குத்தானே தெரிந்திருக்கும்? பெண்சாதியைத் தொடாமல் இருந்தது பெரிதுதான். ஆனால் குயவனுக்கு ‘உன் கையால் ஆகாது’ என்று கேட்பது அதைவிடப் பெரிது. சாமியார் ஓட்டை எடுத்துக்கொள்ளவில்லை, அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் படுகிறது. சரிதானா, சாமி?”

யான், “அப்படி உரையில் இல்லை, அப்பா” என்றேன். அவர் என்னினும் இருபது யாண்டேனும் மூத்தவர். முன்வரிசையில் யாரோ நகைத்தார். அவர் கைகூப்பி அமர்ந்தார்.

அன்றிரவு எனக்குத் துயில் இல்லை. உரையில் இல்லை என்பது மெய், சித்தாந்தத்தில் உளது. தற்போதம் கழன்று இறைபணியில் நிற்றலைச் சிவஞானபோதத்துப் பத்தாம் சூத்திரம் கூறுகின்றது. ‘என் கையால் ஆகும்’ என்னும் உணர்வே தற்போதம். அறநெறியால் ஐம்புலனை வென்றார்க்கும், அடியார்பணியில் வழுவாதார்க்கும் அது நுண்ணிதாய் ஒட்டிக்கொண்டிருத்தல் கூடும். அடியார்க்கு ஓடு வனைந்த அக்கையிலேயே அஃது ஒட்டியிருந்தது. அதனைக் கழற்றவே இறைவன் ஓட்டை மறைத்தான். திருமடத்தில் ஆறு யாண்டு பாடங்கேட்டும், பள்ளியில் அவ்வரலாற்றைப் பலகாற் கற்பித்தும் காணாத பொருளை அவர் தம் கைமண்ணினின்றும் எடுத்து என்முன் வைத்தார். யான் அதனைத் தள்ளினேன். மறுநாளிரவு அவரைத் தேடினேன், காணவில்லை. அவர் இல்லம் எதுவென யாரையேனும் வினவியிருக்கலாம். வினவினேன் அல்லேன். எஞ்சிய ஒன்பது இரவும் முடித்துச் சம்பாவனை பெற்று மீண்டேன்.

இதுவரை கூறியது இழுக்கின் சிறுபகுதியே. மறு ஆண்டில் ஒரு பேரூரில் நிகழ்ந்த சித்தாந்த மாநாட்டில் திருநீலகண்டரைப் பற்றிப் பேச எழுந்தேன். ‘அடியேன் சிந்தையில் தோன்றியதொன்று’ எனத் தொடங்கி அக்கருத்தை எடுத்து வைத்தேன். அவை ஆர்ப்பரித்தது. முதுபெரும் புலவர் ஒருவர் எழுந்து, “குயவரது உள்ளத்தினுட் புகுந்து கண்டிருக்கின்றீர், எளியார் நெஞ்சோடு ஒன்றும் ஆற்றல் உம்மிடத்து உளது” எனப் பாராட்டிப் பட்டாடை போர்த்தினார். யான் தலைவணங்கி ஏற்றேன். அதன்பின் இருபது யாண்டு, எத்தனை மேடைகளில் என்று எண்ணிச் சொல்ல இயலாது, அக்கருத்து என்னுடையதாகவே வழங்கியது. என் மாணாக்கர் இருவர் தம் கட்டுரைகளில் என் பெயரிட்டு எடுத்தாண்டனர்.

கொள்ளுதலே அளவளாவுதல் என மேலே கூறினேன். கொள்ளுதல் வேறு, கொள்ளையிடுதல் வேறு. பெருமேடைகளில் எளியார் சொல்லும் வழக்கும் இன்று பெரிதும் போற்றப்படுகின்றன. அவர்தம் பாட்டும் பழமொழியும் தொகுக்கப்படுகின்றன. அவற்றால் தொகுத்தார் பெயர் விளங்குகின்றது. சொன்னார் பெயர் ‘ஓர் முதியவர்’ என்று நின்றுவிடுகின்றது. யானோ அவ்வளவும் செய்திலேன். என் நெஞ்சு எனக்கு ஒரு சமாதானமும் ஆக்கிக் கொடுத்தது: அறிவு எல்லாம் இறைவனுடையது, அதில் எனது உனது என்பது ஏது என்று. சித்தாந்தம் கற்றவனுக்குக் களவு செய்யவும் சித்தாந்தமே சொல் கொடுக்கும் போலும்! அறிவு இறைவனுடையதே. ஆயின் அவ்விரவு அவன் அதனை யார் வாயில் வைத்தான் என்பதனை மறைத்தற்கு எனக்கு உரிமை யாது? அறிவு அவனது என்று துணிந்தவன் பட்டாடையை யார்க்கு அனுப்பியிருத்தல் வேண்டும்?

ஓய்வுபெற்ற பின்னர், மூன்று யாண்டுகட்கு முன் தைத்திங்களில் அவ்வூர்க்குச் சென்றேன். அவர் இருந்தார். எண்பதைக் கடந்த அகவை, கண்பார்வை குறைந்திருந்தது. திரிகையில் மகனார் அமர்ந்திருந்தார். அத்திரிகை இப்போது மின்விசையாற் சுழல்கின்றது. யான் இன்னான் எனக் கூறி, “வேளாரே, உம்மிடம் ஒரு பிழை பொறுக்கவேண்டி வந்தேன்” என்று தொடங்கி, நடந்தது முழுதும் ஒளியாது சொன்னேன், பட்டாடையையும் கூறினேன். அவர் அமைதியாய்க் கேட்டிருந்தார்.

“அப்படியா கேட்டேன்? எனக்கு நினைவில்லையே, சாமி” என்றார். சிறிது பொறுத்து, “நீங்கள் வந்த வருஷம் நினைவிருக்கிறது. அகல் சூளை வைத்த நேரம். ஒரு ராத்திரிதான் வர முடிந்தது. உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மறுநாள் எங்கள் வீட்டில் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு வெந்நீர் வைத்துக் கோயிலுக்குக் கொடுத்தனுப்பினாள். வந்து சேர்ந்ததா?” என்றார்.

வந்தது. அதனைப் பருகித்தான் அவ்விரவு பேசினேன். அது தருமகர்த்தர் மனையினின்றும் வந்தது என எண்ணி, ஒலிபெருக்கியில் அவர்க்கு நன்றியும் கூறினேன். அம்மையார் இறந்து ஏழு யாண்டு ஆயிற்று என்றார் மகனார்.

வேறு பேச்சும் நிகழ்ந்தது. ஏரிமண் எடுக்க ஒப்புதல் பெறுதற்கு அலுவலகங்கட்கு நடக்கவேண்டியிருத்தல், பொங்கற்பானை வாங்குவார் குறைந்தமை முதலியவற்றை மகனார் கூறினார். முதியவர், “பேரன் கேட்கட்டும், அந்த நாயனார் கதையை இன்னொரு தரம் சொல்லுங்கள்” என்றார். சாக்கு விரித்துத் தந்தனர். அமர்ந்து சொன்னேன், இலக்கணம் ஒன்றும் சொல்லிற்றிலேன். ஓடு மறைந்த இடம் வந்ததும் நிறுத்தி, “இங்கே நீங்கள்தான் சொல்லவேண்டும்” என்றேன். அவர் நகைத்தார். பின்னர்ப் பேரனை அருகழைத்து, அவன் உள்ளங்கையைத் தம் கையிற் பற்றிக்கொண்டு சிலவற்றைக் கூறினார். அஃது அன்று சொன்ன கருத்தன்று, வேறொன்று, ஓட்டைப் பற்றியதன்று, அதனை அடைக்கலம் வைத்தவரைப் பற்றியது.

முன்னைக் கருத்தை அவருடையதென்று இவ்வெளியீட்டில் எழுத ஒப்புதல் வேண்டினேன். எழுதுக என்றார், தம் பெயரும் ஊரும் வேண்டா என்றார். பின்னையதனை எழுதலாமோ என்று அவரிடம் இன்னும் கேட்டிலேன்.